நான்கு வயதுச் சிறுமியின் வயிற்றுவலி: டர்பனில் ஒரு சீலியாக் நோய் கண்டறிதல்

இந்த நிகழ்வுக்குரிய சிறுமி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தென்பகுதியான சாட்ஸ்வொர்த்தில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்தவள். என்னிடம் அழைத்துவரப்பட்டபோது அவளுக்கு நான்கு ஆண்டு மூன்று மாதம் நிறைந்திருந்தது. ஓராண்டுக்கும் மேலாக வயிறு வலிக்கிறது என்று சொல்லிவந்தாள். அதற்குள் பலர் பார்த்து, ஒவ்வொருவரும் ஏற்கத்தக்க ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தனர். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் ஒருமுறை செய்யப்பட்டு, 'எதிர்மறை' என்ற முடிவு அவளுடைய கோப்பில் இருந்தது. ஆயினும் அவளுக்கு இருந்தது சீலியாக் நோய்தான். அந்த முடிவு எதனால் அவ்வாறு வந்தது, அதை எவ்வாறு படித்திருக்க வேண்டும், நோயை உறுதிசெய்யும் நாள்வரை குழந்தையின் தட்டிலிருந்து கோதுமையை ஏன் எடுக்கக் கூடாது என்பவற்றைப் பிற பெற்றோரும் மருத்துவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால், பெற்றோரின் ஒப்புதலுடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

வலியின் வரலாறு

வலி தொப்புளைச் சுற்றியே இருந்தது. சில நாள் சாப்பிட்ட பின் வரும், சில நாள் காலையில் எழுந்ததுமே வரும். பத்து நிமிடமோ அரைமணி நேரமோ நீடித்துவிட்டுத் தானாக அடங்கும். வயிற்றுப்போக்கு ஒருபோதும் இருந்ததில்லை. மாறாக, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மட்டுமே, அதுவும் அழுதுகொண்டு, மலம் கழித்தாள். மாலையாகிவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளி நிற்பதை ஆயா, அதாவது தந்தையின் தாயார், எல்லோருக்கும் முன்பே கவனித்திருந்தார். குழந்தை விளையாட்டில் நாட்டம் குறைந்து, எதற்கும் சிணுங்கிக்கொண்டு, மடியை விட்டு இறங்க மறுப்பதையும் அவரே சொன்னார். இந்தக் கடைசிச் செய்தி எந்த மருத்துவக் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. சீலியாக் நோயுள்ள சிறு குழந்தைகளிடம் இந்த எரிச்சலும் சோர்வும் மிகப் பொதுவாகக் காணப்படுபவை என்பதால், அதை நான் வலிக்கு நிகரான அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பார்த்தவர் பூச்சி மருந்து கொடுத்தார். டர்பன் அமைந்த குவாசுலு-நட்டால் மாகாணக் கடலோரத்தில் உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் குழந்தைகளிடம் பரவலாக இருப்பதால் அது நியாயமான தொடக்கமே. ஓராண்டு நிறைந்ததிலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது இந்நாட்டின் குழந்தைநலத் திட்டத்திலேயே உள்ளது; இவளுக்கும் தவறாமல் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்து மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தார்கள். மலம் இளகியது, வலி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மூன்றாவதாக, இது உடல்நோய் இல்லாத வழக்கமான வயிற்றுவலி, பள்ளிப் பருவம் வரும்போது போய்விடும் என்று ஆறுதல் சொல்லப்பட்டது.

இந்த ஆறுதலும் ஆதாரமற்றதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லியும் அவருடைய சகாவும் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது; அவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் உறுப்பு சார்ந்த நோய் எதுவும் காணப்படவில்லை. வலி தொப்புளை விட்டு விலகியிருக்குமளவுக்கு உள்ளே நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்ற விதியும் ஆப்லி வழி வந்ததே. இச்சிறுமியின் வலி தொப்புளிலேயே இருந்ததால் அந்த விதி அவளுக்கு எதிராகவே வேலை செய்தது. சீலியாக் நோயின் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியதாகவே இருக்கும். வலியின் இடத்தை மட்டும் கேட்டுவிட்டு, எடையையும் உயரத்தையும் பாராமல் ஆறுதல் சொல்வதுதான் ஆபத்து.

வளர்ச்சிக் கோடு

தென்னாப்பிரிக்காவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 'ரோட் டு ஹெல்த்' என்ற கையேடு தரப்படுகிறது. தடுப்பூசி பதிவுக்காக மட்டுமே அதைப் பலர் வைத்திருக்கிறார்கள். பின்பக்கங்களில் உள்ள வளர்ச்சி வரைபடங்களைத் திறந்து பார்ப்போர் குறைவு. இச்சிறுமியின் தாய் அந்தக் கையேட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். முதல் பிறந்தநாள்வரை எடை சராசரிக் கோட்டின் மேலேயே ஏறிவந்திருந்தது. அதன் பின் ஒவ்வொரு புள்ளியும் முந்தைய கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்து, மூன்று வயதில் இரண்டு கோடுகளைக் கடந்து, நான்கு வயதில் வரைபடத்தின் கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தது. என்னிடம் வந்த அன்று எடை 12.8 கிலோ, உயரம் 96 செ.மீ.

கோடு வளையத் தொடங்கிய காலத்தில் உணவில் என்ன மாறியது என்று கேட்டபோது, தாய் வேலைக்குத் திரும்பியதையும் குழந்தை காப்பகத்துக்குச் சென்றதையும் சொன்னார். காலையில் பாலில் ஊறவைத்த கோதுமைப் பிஸ்கட், பத்து மணிக்கு ஜாம் தடவிய பிரெட், மதியம் மீண்டும் பிரெட் அல்லது பாஸ்தா, மாலையில் ரஸ்க், இரவில் குழம்புடன் ரொட்டி: ஒருநாளில் அவள் கோதுமையைத் தொடாத வேளை இல்லை. ஒரு பிரெட் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். ஆயா அதைக் கேட்டுவிட்டு, “நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ வீட்டுல சோறும் மீலி மீல் கஞ்சியுந்தான், டாக்டர். பிரெட்டு எப்பவாவதுதான் வரும்” என்றார். மீலி மீல் என்பது மக்காச்சோள மாவு. நோயைப் புரிந்துகொள்ள ஆயாவின் அந்தப் பேச்சு எனக்குப் பெரிதும் உதவியது.

'தமிழருக்கு வராத நோய்'

சிறுமியின் பழைய பரிந்துரைக் கடிதமொன்றில், தென்னிந்திய வம்சாவளியினரிடம் சீலியாக் நோய் அரிது என்றும், ஆகவே அதைத் தொடர்ந்து தேட வேண்டியதில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. முதல் பாதி, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, உண்மை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், வடக்கே ஹரியானாவில் 1.23 விழுக்காட்டினருக்கும் வடகிழக்கே அசாமில் 0.87 விழுக்காட்டினருக்கும் சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருக்க, தெற்கே வேலூர்ப் பகுதியில் அது 0.10 விழுக்காடாகவே இருந்தது. ஆனால் அதே ஆய்வில், இந்நோய்க்கு அடிப்படையான எச்எல்ஏ-டிகியூ2, டிகியூ8 மரபணு வகைகள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, காணப்பட்டன. பெரிதும் வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் உண்ண, தெற்கே 25 கிராம் மட்டுமே உண்டனர்.

இந்த எண்களைச் சாட்ஸ்வொர்த்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் தங்கள் மரபணுக்களை உடன் கொண்டுவந்தார்கள். சோற்றை மட்டும் அதே அளவில் அடுத்தடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியவில்லை. கரும்புத் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும், 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் பழைய இடங்களிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும் வந்த குடும்பங்களுக்கு, வேலைக்கு எடுத்துச்செல்ல எளிதான பிரெட்டே மதிய உணவாயிற்று. பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றிய பன்னி சௌ இந்நகரின் அடையாள உணவாகிவிட்டது. தமிழ்நாட்டில் நோயைக் குறைத்துவைத்தது அரிசி உணவு என்றால், அந்தக் காப்பு டர்பனில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு இல்லை. ஒருவருடைய ஊரையும் பெயரையும் பார்த்து நோயின் வாய்ப்பைக் கணிக்கும் மருத்துவர், அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

இரத்தசோகையும் ஒரு தடம் மாறலும்

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9 கிராம்/டெசிலிட்டர். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன. ஆறு மாதமாக இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் அது உயரவில்லை. இந்திய வம்சாவளிக் குடும்பம் என்பதால் இது தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டைச் சுமக்கும் தன்மையாக இருக்கலாம் என்று முன்பே முடிவுகட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணம் இவ்வூரில் அடிக்கடி சரியாகவே அமையும். ஆனால் தலசீமியாவைச் சுமப்பவர்களிடம் சிவப்பணுக்கள் சிறியனவாக இருந்தாலும் எண்ணிக்கையில் மிகுந்திருப்பது வழக்கம். இவளிடம் எண்ணிக்கையும் குறைவு. ஃபெரிட்டின் 4 மைக்ரோகிராம்/லிட்டர் என்ற அளவில், அதாவது இரும்புச் சேமிப்பு முற்றிலும் தீர்ந்த நிலையில் இருந்தது. வாய்வழி கொடுத்த இரும்பு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டும் உடலில் சேரவில்லை என்றால், அதை உறிஞ்ச வேண்டிய முன்சிறுகுடலைத்தான் அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டும். சீலியாக் நோய் முதலில் தாக்குவதும் அந்த இடத்தையே.

பிற நோய்களை விலக்கும் வேலையை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் அதைச் சுருக்கமாகச் செய்ய முடியாது. எடை குறைந்து வயிறு உப்பிய குழந்தை தென்னாப்பிரிக்காவில் வந்தால் எச்ஐவியும் காசநோயும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும், இரண்டும் இல்லை. சிறுநீரில் தொற்று இல்லை. மலத்தில் ஜியார்டியா கிருமியும் புழு முட்டைகளும் காணப்படவில்லை. வயிற்று ஸ்கேனில் சிறிய நிணநீர்க் கணுக்களைத் தவிர வேறெதுவும் இல்லை. கல்லீரல் நொதி சற்றே உயர்ந்திருந்தது. அது சீலியாக் நோயில் பலமுறை காணப்படுவதும், கோதுமையை நிறுத்தியபின் தானே சரியாவதும் ஆகும். குடும்ப வரலாற்றில், தாய்க்குத் தன்னெதிர்ப்பு வகைத் தைராய்டு நோய், அதாவது உடலின் நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் வகை, இருந்தது. ஒரு தன்னெதிர்ப்பு நோய் உள்ள குடும்பத்தில் சீலியாக் நோயின் வாய்ப்பு கூடுகிறது.

'எதிர்மறை' என்ற முடிவு

ஆகவே அந்தப் பழைய பரிசோதனை முடிவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் முழுவதுமாகச் செரிக்கப்படுவதில்லை. அதன் எஞ்சிய துணுக்குகளை, குடற்சுவரில் உள்ள டிஷ்யூ டிரான்ஸ்குளுட்டாமினேஸ் என்ற நொதி சற்று மாற்றியமைக்கிறது. டிகியூ2 அல்லது டிகியூ8 உள்ளவர்களுள் சிலரிடம், இந்த மாற்றப்பட்ட துணுக்குகளை நோயெதிர்ப்பு அணுக்கள் பகையெனக் கருதிக் கிளர்ந்தெழுகின்றன. அதன் விளைவாக, சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. அந்த நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது என்பது 1997இல் கண்டறியப்பட்டது. இன்று நாம் செய்யும் இரத்தப் பரிசோதனை அந்த எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது, குறிப்பாக அதன் ஐஜிஏ வகையை.

ஐஜிஏயே உடலில் உருவாகாத சிலர் இருக்கிறார்கள். பொதுமக்களுள் பல நூறு பேருக்கு ஒருவர் அப்படி. சீலியாக் நோயாளிகளிடையே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். இவர்களிடம் குடல் எவ்வளவு சிதைந்திருந்தாலும் ஐஜிஏ வகைப் பரிசோதனை ஒன்றுமில்லை என்றே சொல்லும். அதனால்தான் ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், இந்தப் பரிசோதனையுடன் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்தே முதல்முறை கேட்க வேண்டும் என்கிறது. இச்சிறுமியின் படிவத்தில் மொத்த ஐஜிஏ கேட்கப்படவே இல்லை. செலவைக் குறைக்க ஒற்றைப் பரிசோதனை மட்டும் எழுதுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதன் விலையை இந்தக் குழந்தை ஓராண்டு வலியாகக் கொடுத்தாள் என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

முடிவுத்தாளிலேயே ஒரு குறிப்பு இருந்தது. நோயில்லாத குழந்தைகளிடமும் இந்த எதிர்ப்பொருளின் அளவீடு சிறிதளவு பதிவாகும். இவளுடையது கருவி அளக்கக்கூடிய கீழெல்லைக்கும் கீழே இருந்தது. அடிக்கடி காதில் சீழ் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டதைத் தாய் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து மொத்த ஐஜிஏ அளக்கச் சொன்னோம். முடிவு 0.07 கிராம்/லிட்டருக்குக் கீழ், அதாவது ஏறத்தாழ இல்லவே இல்லை. நான்கு வயதுக்குட்பட்டவர்களிடம் ஐஜிஏ இயல்பாகவே குறைந்திருக்கலாம் என்பதால் இக்குறைபாட்டை அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. இவள் அந்த வயதைக் கடந்திருந்தாள். எதிர்ப்பொருள்களின் பிற வகைகளான ஐஜிஜி, ஐஜிஎம் அளவுகள் இயல்பாக இருந்ததால், எல்லா எதிர்ப்பொருள்களும் குன்றும் பெரிய குறைபாட்டை விலக்க முடிந்தது. இந்த நிலையில் கேட்க வேண்டியது ஐஜிஜி வகைப் பரிசோதனை. டிரான்ஸ்குளுட்டாமினேஸுக்கும், குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடினின் மாற்றப்பட்ட வடிவத்துக்கும் எதிரான ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் இரண்டுமே மிக உயர்ந்திருந்தன.

எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று தந்தை கேட்டார். அது இல்லையென்று வந்தால் நோயை ஏறத்தாழ விலக்கிவிடலாம். உண்டு என்று வந்தால் எதையும் உறுதிசெய்யாது, ஏனெனில் நோயில்லாத கோடிக்கணக்கானோரும் அதைச் சுமக்கின்றனர். இவ்வளவு தெளிவான எதிர்ப்பொருள் முடிவுக்குப் பின் அது சிகிச்சையின் போக்கை மாற்றாது என்பதால் அந்தச் செலவைத் தவிர்த்தோம்.

பிரெட்டை நிறுத்தாதீர்கள்

ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் இயல்பின் மேல்வரம்பைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்து, இரண்டாவது இரத்த மாதிரியில் எண்டோமைசியல் எதிர்ப்பொருள் என்ற மற்றொரு வகையும் இருந்தால், குழந்தைகளுக்குக் குடல் திசு எடுக்காமலேயே நோயை உறுதிசெய்ய 2020 வழிகாட்டுதல் இடமளிக்கிறது. பெற்றோர் பலரும் இதைப் படித்துவிட்டே வருகிறார்கள். ஆனால் இந்த வழி ஐஜிஏ உள்ளவர்களுக்கு மட்டுமே. ஐஜிஏ குறைபாடுள்ள குழந்தைக்கு எண்டோஸ்கோபியும் திசு ஆய்வும் தேவை. முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அந்தப் பரிசோதனைக்குச் சில வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நிகழ்வில் மிகக் கடினமான காலம் அதுவே. நோய் என்னவென்று ஏறத்தாழ தெரிந்துவிட்டது; வலியைத் தருவது எது என்றும் தெரிந்துவிட்டது; இருந்தும், இன்னும் சில வாரம் அதையே கொடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவர் உடனே கோதுமையை விலக்கச் சொல்லி வற்புறுத்தினார். “புள்ள அழுவுறத பாத்துக்கிட்டு எப்புடிக் குடுக்குறது, டாக்டர்?” என்று ஆயா கேட்டதற்கு எளிய பதில் எதுவும் என்னிடம் இல்லை. அவரை அருகில் அமரவைத்து, தமிழிலேயே, முழுவதையும் விளக்கினேன்.

கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறையத் தொடங்கும், குடலுறிஞ்சிகள் மெல்ல வளரத் தொடங்கும். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, போர்க்காலத்தில் பிரெட் கிடைக்காமல் போனபோது தேறிய பிள்ளைகள் அது திரும்ப வந்ததும் மீண்டும் நோயுற்றதைக் கண்டு, 1950இல் தம் ஆய்வேட்டில் எழுதியது இதைத்தான். தேறிவிடும் என்பது உண்மை என்பதாலேயே பரிசோதனைக்கு முன் நிறுத்துவது பெரும் இடராகிறது. பாதி ஆறிய குடலில் எடுத்த திசு எதையும் தெளிவாகச் சொல்லாது. அதன் பின் உறுதிசெய்ய வேண்டுமானால் குழந்தைக்கு மீண்டும் கோதுமை கொடுத்து நோயை வரவழைக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதைச் செய்ய மருத்துவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. வாழ்நாள் முழுவதும் விலக்கு உணவில் இருக்கப்போகும் ஒருத்திக்கு, அந்த விலக்கு தேவைதானா என்ற ஐயம் பதினைந்து வயதில் எழக் கூடாது. பரிசோதனைவரை நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு இருக்க வேண்டும் என்பதே விதி. ஆகவே அளவைக் கூட்ட வேண்டாம், காலையில் பிஸ்கட்டும் மதியம் ஒரு துண்டு பிரெட்டும் போதும், வலி மிகுந்தால் உடனே என்னை அழையுங்கள் என்று சொன்னேன். பரிசோதனை நாளை முன்னுக்குக் கொண்டுவரவும் முயன்றோம், ஓரளவு கிடைத்தது. வளர்ச்சி இவ்வளவு குன்றிய குழந்தைகளைப் பட்டியலின் முன்னால் வைக்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு வழி இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

திசு ஆய்வு

முன்சிறுகுடலின் மடிப்புகள் விளிம்பில் வெட்டுப்பட்டவைபோல் தெரிந்தன. தொடக்கக் குமிழ்ப் பகுதியிலிருந்து ஒரு துணுக்கும் அதற்கு அப்பால் நான்கு துணுக்குகளும் எடுக்கப்பட்டன. சிதைவு சில இடங்களில் மட்டும் திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால் இந்த எண்ணிக்கை முக்கியம். குடலுறிஞ்சிகள் பெரிதும் தேய்ந்து, இடையிலுள்ள குழிகள் நீண்டு, மேலடுக்கில் வெள்ளணுக்கள் நெருங்கியிருந்தன. குடல் சிதைவின் அளவைக் குறிக்கும் மார்ஷ் வகைப்பாட்டில் இது 3பி. ஐஜிஏ இல்லாதவர்களிடம் ஜியார்டியா எளிதில் தங்கிவிடும், அதுவும் குடலுறிஞ்சிகளை மழுக்கும் என்பதால், திசுவிலும் அதைத் தேடச் சொல்லியிருந்தோம், இல்லை. சீலியாக் நோய் உறுதியானது. இரத்தம் ஏற்றும்போது ஐஜிஏ குறைபாடு மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால், அக்குறைபாட்டைக் கோப்பின் முதல் பக்கத்திலும் 'ரோட் டு ஹெல்த்' கையேட்டிலும் எழுதிக்கொடுத்தோம்.

ஆயாவின் அடுப்படி

சிகிச்சை உணவு ஒன்றே. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும், துகள்கூட இல்லாமல், விலக்க வேண்டும். சாட்ஸ்வொர்த் வீட்டில் அதைச் செய்யக்கூடியவர் ஆயாதான் என்பது முதல் நாளே தெரிந்தது. சமையல் அவர் கையில் இருந்தது. உணவியல் ஆலோசகர் அவரையே முன்வைத்துப் பேசினார். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், பருப்பு, காய்கறி, மீன், முட்டை, மக்காச்சோள மாவில் கிண்டும் பூத்து, ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ் எனப் பாட்டியின் சமையலில் பெரும்பகுதி இயல்பாகவே குளூட்டன் அற்றது. அரிசியும் மக்காச்சோள மாவும் பருப்பும் இந்நாட்டில் மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்படாத பொருள்கள். குளூட்டன் இல்லாதது என்று விற்கும் விலையுயர்ந்த பிரெட்டைத் தேடி அலையாமல், அந்தப் பழைய உணவையே அடித்தளமாக வைக்கச் சொன்னோம்.

சிக்கல் மறைந்திருக்கும் இடங்களில்தான் வந்தது. முதலாவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் விழும் பொருள் அது. அரிசி மாவு சேர்த்த வகையைத் தேடி எடுத்தார்கள். இரண்டாவது, ரொட்டி தேய்க்கும் பலகையும் குழவியும். அதே பலகையில் அரிசிமாவு தட்டினால் பயனில்லை. மூன்றாவது, சமோசா பொரித்த எண்ணெயிலேயே வடை பொரிப்பது. கோயிலில் தரும் சோஜி என்ற இனிப்பு ரவையால் ஆனது, ஆகவே கூடாது. அதை மறுப்பது அம்மனை மறுப்பதாகாது என்று ஆயாவே குழந்தையிடம் சொல்லிவிட்டார். மஹேவு பானம் மக்காச்சோளத்தில் செய்வதென்றாலும், வீட்டில் அதைப் புளிக்கவைக்கக் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். மக்காச்சோள அவல் போன்ற காலை உணவுகளில் சுவைக்காக பார்லி மால்ட் சேர்ந்திருக்கும். காப்பகத்தில் பிள்ளைகள் பிசைந்து விளையாடும் மாவுகூடக் கோதுமையில் செய்தது; கை வாய்க்குப் போகும் வயது என்பதால் அதையும் நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம்.

உறையிட்ட பொருள்களில் குளூட்டன் உள்ள தானியங்களை அறிவிக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறை கட்டாயப்படுத்துகிறது. அதனால் கடைப் பொருளில் படித்துத் தெரிந்துகொள்ள வழியுண்டு. சந்தையில் அளந்து விற்கும் மசாலாத் தூளுக்கும் கடலை மாவுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மிளகாயையும் மல்லியையும் முழுதாக வாங்கி வீட்டிலேயே அரைக்க ஆயா முடிவுசெய்தார். இன்னொன்றையும் கவனித்தோம். 2003 அக்டோபரிலிருந்து இந்நாட்டில் கோதுமை மாவிலும் மக்காச்சோள மாவிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம் முதலியவற்றைக் கலப்பது கட்டாயம். பிரெட்டை நிறுத்தும் குழந்தை அந்த இரும்பையும் இழக்கிறது, ஆகவே மக்காச்சோள மாவு உணவு வாரத்தில் பலமுறை இருக்கட்டும் என்றோம். இரும்பு மருந்தும் வைட்டமின் டியும் தொடர்ந்தன.

எட்டு மாதத்துக்குப் பின்

வலி சில வாரங்களில் நின்றது. அதற்கும் முன்பே அவளுடைய முகம் மாறியதாகத் தாய் சொன்னார். மடியை விட்டு இறங்கி முற்றத்தில் ஓடினாள். எட்டு மாத முடிவில் எடை 15.4 கிலோ, உயரம் 101.5 செ.மீ., ஹீமோகுளோபின் 11.8. கல்லீரல் நொதி இயல்புக்கு வந்துவிட்டது. மலச்சிக்கல் முற்றிலும் தீரவில்லை. அதற்கான மருந்து குறைந்த அளவில் தொடர்கிறது. ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் குறைந்திருந்தாலும் இன்னும் இயல்புக்கு வரவில்லை. ஐஜிஜி வகை மெதுவாகவே இறங்கும் என்பதால், விலக்கு உணவு ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு அந்த எண்ணைவிட வளர்ச்சிக் கோட்டையே நம்புகிறோம். இரும்புச்சத்துக் குறைவு தலசீமியா பரிசோதனையை மறைக்கக்கூடும் என்பதால் இரும்பு நிறைந்த பின் அதை ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டும். சீலியாக் நோயுள்ளவர்களிடம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. அதன் எதிர்ப்பொருள் அளவையும் பார்க்கவிருக்கிறோம்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என நெருங்கிய உறவினரிடம் இந்நோயின் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு அருகே இருப்பதால் வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதித்தோம், இம்முறை மொத்த ஐஜிஏவுடன் சேர்த்து. தந்தைக்கும் எட்டு வயது அண்ணனுக்கும் இல்லை. அண்ணனுக்குச் சில ஆண்டுகள் இடைவெளியிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். தாயின் ஐஜிஏ இயல்பாகவும், டிரான்ஸ்குளுட்டாமினேஸ் எதிர்ப்பொருள் சற்றே உயர்ந்தும் இருந்தது. அவருக்கும் பல ஆண்டுகளாக இரத்தசோகை உண்டு. மாதவிடாய்ப் போக்கினால் வந்தது என்று அதுவரை கருதப்பட்டிருந்தது. அவருக்கான எண்டோஸ்கோபி அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. அந்த நாள்வரை, தனித் தட்டிலும் தனிப் பலகையிலும், அவர் பிரெட் சாப்பிட்டுவருகிறார்.